கியூபா இசைத்தட்டில் ஒரு கீறல்

அந்த வானொலி நிலையத்தில் அவளுக்குப் பெயர் ‘துடைப்பம்’. பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றி, கரகரப்பையும் கீறலையும் நீக்கித் தருவது அவள் வேலை. கிண்டலாக வைத்த பெயர்தான்; அவளோ பட்டம் வாங்கியவள்போல் தலை நிமிர்ந்து நடப்பாள். தன் காதுக்குத் தப்பிய தூசி உலகத்திலேயே கிடையாது என்று நினைப்பு.

அவளுடைய நாத்தனார் அங்கேயே அறிவிப்பாளர். வருஷக்கணக்காக வானிலை வாசித்தே தொண்டை வற்றிப்போனவள், மேலதிகாரியின் உயிரை வாங்கி ஒருவழியாகச் சொந்தமாக ஒரு நிகழ்ச்சி பிடித்திருந்தாள். கியூபா இசை, பழையதும் புதியதும். அன்று மாலை முதல் ஒலிபரப்பு. சொதப்பினால் மறுபடி மழையும் வெயிலும்தான்.

“அண்ணி, என் மானம் உங்க கையிலதான் இருக்கு” என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

அண்ணி அதற்கு முன்பே பழைய பாட்டுகளைப் பளிங்காக்கி வைத்துவிட்டாள். போட்டதுமே எல்லாவற்றிலும் ‘டக் டக்’கென்று ஒரே கீறல் சத்தம். திரையில் ஒலி அலைக்கு நடுவே குத்திட்டு நின்ற கோடுகளை ஒன்றுவிடாமல் களைபோலப் பிடுங்கி எறிந்திருந்தாள். ஒலியைத் தணித்துவிட்டுக் கண்ணாலேயே செய்கிற வேலை அது. பாட்டைக் கேட்க யாருக்கு நேரம்?

ஒலிபரப்புக்குக் கொஞ்சம் முன்னால், சத்தத்தின் அளவு சரியா என்று பார்க்கப் புதுப் பாட்டு ஒன்றைப் போட்டாள். போன வருஷம் கணினியிலேயே பதிவான ஜாஸ். பியானோ தலைதெறிக்க ஓடியது. முரசுகள் குறுக்கே புகுந்து வம்பளந்தன. அவற்றுக்கு அடியில் டக், டக், டக். கொஞ்சம் விட்டு, டக் டக்.

அவளுக்குக் கை ஓடவில்லை. ஊசியே படாத பாட்டில் கீறல் எப்படி வரும்?

உள் தொலைபேசியில் நாத்தனாரைக் கூப்பிட்டு, அது என்ன சத்தம் என்று கேட்டாள்.

“அதுவா? கிளாவே, அண்ணி. ரெண்டு மரக்கட்டையைத் தட்டறது. மொத்தப் பாட்டும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கும். பழைய பாட்டுலயும் இருக்குமே, கேட்டிருப்பீங்களே?”

அண்ணி தொலைபேசியை வைத்தாள். தான் துடைத்த பாட்டு ஒன்றை முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டாள். பாடகரும் முரசுக்காரர்களும் விளக்கணைந்த வீட்டில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

துடைத்து முடித்த தட்டுகளை உடைத்துக் கழிவில் போடுவது அங்கே வழக்கம். நல்லவேளை, கியூபா தட்டுகள் இருந்த பெட்டி இன்னும் அறை வாசலில் கிடந்தது. அள்ளி எடுத்துக்கொண்டு ஒலிபரப்புக் கூடத்துக்கு ஓடினாள்.

“நான் தொடைச்சுட்டேன்மா. கட்டையையும் சேர்த்துத் தொடைச்சுட்டேன்.”

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனது. பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, சேலைத் தலைப்பால்கூடத் துடைக்காமல் அப்படியே சுழலவிட்டாள். ஒலிபரப்பு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. கரகரப்புக்கு நடுவே மரக்கட்டை தட்டியது. பாடகர் அதைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நடந்துவந்தார். நாத்தனாரின் கால் தன்னையறியாமல் தாளம் போட்டது. அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நாத்தனார் ஒலிவாங்கியை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“இத்தனை வருஷத்துல வேற எதையெல்லாம் தொடைச்சீங்க, அண்ணி?”

கேட்டுப் பார்த்துச் சொல்ல, இதற்கு முன் உடைத்துப் போட்ட தட்டுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை.