நிழலின் நீளம்

“அசையாம நில்லும்மான்னான். நின்னேன்,” என்றாள் பராஸ்கிவா, வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே.

“எதுக்கு?”

“என் நிழலை நூல் போட்டு அளந்தான்.”

தம்பி ஹோரியாவை பஸ் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள் மகள் ஸ்மராண்டா. “நிழலை அளந்து சுவத்துக்குள்ள வெச்சா ஆள் செத்துடும்னு சொல்லிச் சொல்லி எங்களைப் பயமுறுத்தினது யாரு? நீதானே?”

“ஆமா. ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கான். என்கிட்ட வேற என்ன கேட்டான்?”

அப்போது செர்ரி பழுத்திருந்தது. இப்போது பிளம் பழங்கள் முற்றத்தில் விழுந்து கிடக்க, பராஸ்கிவா முன்னறை மேசைமேல் கிடத்தப்பட்டிருந்தாள். ஸ்மராண்டா பருத்தி நூலை அம்மாவின் உச்சந்தலையில் வைத்து இழுத்துப் பிடித்தாள். இறந்தவரின் உயரத்துக்குத் திரி எடுத்து, தேன்மெழுகில் தோய்த்து, வட்டமாகச் சுருட்டி நெஞ்சின்மேல் ஏற்றி வைக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில்தான் போகிறவர் வழி நடக்க முடியும்.

பக்கத்து வீட்டு வெட்டா அத்தை நூலின் மறுமுனையைக் குதிகாலில் அழுத்தினாள். “குள்ளமாயிட்டாடி உங்கம்மா. நிழலைப் பறிகொடுத்தவ சுருங்காம என்ன செய்வா?”

“இதயம் நின்னுபோச்சுன்னு டாக்டர் சொன்னார், அத்தை.”

“ஏன் நின்னுச்சுன்னு சொன்னாரா?”

ஊரே பார்த்திருந்தது. கிரயோவா நகரத்தில், மூடிக் கிடந்த நெசவாலையில் ஹோரியா கட்டிய சுவரின் படம் எல்லார் போனிலும் இருந்தது. சுவரின் மாடங்களில் அரக்கனின் பல், மாயப் பறவையின் இறகு, ஓநாய்த் தலைவனின் தாடை என்று அவனே களிமண்ணிலும் எலும்பிலும் செய்த புனிதப் பொருட்கள். நடுவில் ஒரு மாடம் மட்டும் பூசி அடைக்கப்பட்டிருந்தது. கீழே எழுதியிருந்தான்: ‘உள்ளே என் அம்மாவின் நிழல்.’

ஸ்மராண்டாவுக்குக் கோபம் நூலின் மேல் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் நிறுத்தம் வரை நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்த அம்மா, அவனுக்காக வெயிலில் நின்றிருக்கிறாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஹோரியா வந்தான். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. விரல் முட்டிகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

“போன் எங்கடா இருந்துச்சு?” என்றாள்.

“பூச்சு வேலை, அக்கா. கை முழுக்க மண்ணு. பார்க்கல.”

“அம்மா உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. கடைசியில நீ வந்துட்டேன்னு நினைச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டா. நான் ஸ்மராண்டான்னு சொல்லல. உன் கையா இருந்துட்டுப் போகட்டும்னு, உயிர் போறப்போ கையில இருக்க வேண்டிய மெழுகுவத்தியை ஏத்திக் குடுத்தேன்.”

அவன் சட்டைப் பையிலிருந்து அழுக்கேறிய நூல்கண்டை எடுத்தான். “சுவரை இடிச்சுட்டேன்.”

வெட்டா அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். “சீ! அதை வீட்டுக்குள்ளயா கொண்டு வந்தே?”

“திரிக்கு இதைப் போடலாமாக்கா? அம்மாவோடதுதானே.”

“ஓ! அங்க சுவரு போச்சு, இங்க அம்மா நெஞ்சு மேல கண்காட்சி வெக்கணுமா?” ஸ்மராண்டா கண்டைப் பிடுங்கினாள். அவிழ்த்து, தான் அளந்த நூலோடு சேர்த்து மேசையோரம் நீட்டினாள். அவளுடையது அம்மாவின் காலடியில் முடிந்தது. அவனுடையது மேசையைத் தாண்டித் தொங்கி, தரையில் ஓடி, வாசற்படி வரை போனது. “பாருடா! இதுவா அம்மா? அளக்கக்கூடத் தெரியாம சுவரு கட்டப் போயிட்டான்!”

“அது சாயங்கால நிழல், அக்கா.” அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். “நான் வந்ததும் மத்தியானமே அளக்கலாம்னுதான் சொன்னேன். சின்னதா முடிஞ்சிருக்கும். அம்மாதான் வெயில் சாயட்டும்னா. அதுவரைக்கும் இருப்பேல்லன்னு கேட்டா.”

ஸ்மராண்டா நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து, வாசலிலிருந்து அதைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். தான் அளந்ததை மடித்து அம்மாவின் தலையணைக்கடியில் வைத்தாள். அடுப்பில் உருகியிருந்த மெழுகில் ஹோரியாவின் நூலைத் தோய்த்தாள்.

“ஏன்டி, இவ்வளவு நீளம் அடக்கம் முடிஞ்சாலும் எரியுமேடி. யாரு உக்காந்து காவல் காக்கிறது?” என்றாள் வெட்டா அத்தை.

தம்பியை வழியனுப்பும் ஒவ்வொரு முறையும் பஸ் நிறுத்தத்தில் ஸ்மராண்டாவுக்கு ஒரு வார்த்தை நாக்கு வரை வரும். பாலாடைக்கட்டிப் பொட்டலத்தை அவன் கையில் திணித்து, “ஓடு, பஸ் வந்துடுச்சு” என்பாள். சூடு பொறுக்காமல் விரல்களை உதறி உதறி, மெழுகில் தோய்ந்த திரியை வட்டம் வட்டமாகச் சுருட்டினாள். அவன் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தான்.

“ஹோரியா,” என்றாள், திரியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இது எரிஞ்சு முடியற வரைக்கும் போகாதேடா.”