மூலை இல்லாத சுவர்

தையல்காரியின் நாத்தனார் ஸ்டூடியோவின் வெள்ளைச் சுவருக்குள் நடந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு. வாடகை அரை நாளுக்குத்தான் பேசியிருந்தார்கள் என்பதால் மற்றவர்கள் சாப்பிட உட்காராமல் வேலையைத் தொடர்ந்தார்கள். சுவர் இடியவில்லை, விரிசல் விடவில்லை, கதவு எதுவும் திறக்கவில்லை. பின்னால் போகச் சொன்னார்கள், அவள் போனாள், போய்க்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான்.

கதையை முறையாகச் சொல்ல வேண்டுமானால் தையல்காரி ஸ்டூடியோ தேடி அலைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். பல வருடங்களாக அடுத்தவர் உடுப்பைப் பிரித்துத் தைத்து, இடுப்பைச் சுருக்கி, பேண்ட் நீளத்தைக் குறைத்து வயிற்றைக் கழுவியவள் அவள். ஒரு வழியாகச் சொந்தப் பெயரில் ஒரு வரிசை உடுப்புகளைத் தைத்து முடித்திருந்தாள்: கோட்டுகள், நீளச் சட்டைகள், கணுக்காலைத் தொடும் கவுன்கள். ஊரின் பெரிய துணிக்கடையில் சரக்கு எடுக்கும் அதிகாரி, துணியைப் பிறகு தொட்டுப் பார்க்கலாம், முதலில் படங்களை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் படப்பிடிப்பு நடத்திப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். முதலில் பார்த்த ஸ்டூடியோவில் சுவர் முழுக்கச் செங்கல் வரைந்திருந்தார்கள், பிஸ்கட் அடுக்கியது போல இருந்தது. இன்னொன்று நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது, இஸ்திரி மேசையை யார் தூக்குவது என்று கேட்டதற்கு அங்கிருந்தவர் அவளையே மேலும் கீழும் பார்த்தார். வேறொரு இடத்தில் உடை மாற்றும் அறை என்று ஒரு திரைச்சீலையைக் காட்டினார்கள், அதுவும் முழங்காலோடு நின்றுவிட்டது. எல்லாம் கூடி வந்த இடத்தில் கூரை கூடி வரவில்லை. நாத்தனார் நிமிர்ந்தால் விளக்குக் கம்பி மண்டையில் இடிக்கும். பெண் பார்க்கப் போனவர்களைப் போல ஒவ்வொரு இடத்திலும் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தாள்.

நாத்தனார் என்பது தையல்காரியின் புருஷனுக்குத் தங்கை. மாடல் பெண்களை அமர்த்த வசதியில்லாததால் அவளை நிற்க வைப்பது என்று முடிவாகியிருந்தது; முடிவு செய்தவர்கள் அவளைக் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரம் அவளுக்கு. வீட்டில் அவள் பெயர் ஏணி. பரணிலிருந்து எதை எடுப்பதானாலும் ஏணியைக் கூப்பிடு என்பார்கள், எடுத்துக் கொடுத்ததும் பார்த்துப் போ, நிலை இடிக்கும் என்பார்கள். குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ளும் போதெல்லாம் நீ பின்னால் நில், மறைக்கிறாய் என்று அவளை அனுப்பிவிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அண்ணி வெட்டும் நீளத் துணியின் மறுமுனையை மாலை நேரங்களில் பிடித்துக்கொண்டு நிற்பாள். தையல்காரி பேசிக்கொண்டே வெட்டுவாள், அவள் கேட்டுக்கொண்டே நகர்வாள்.

கடைசியாக அமைந்த ஸ்டூடியோ ஒரு காலத்தில் காகிதக் கிடங்காக இருந்தது. உயரமான கூரை, பூட்டுப் போட்ட உடை மாற்றும் அறை, போதுமான பிளக்குகள், வாசல் வரை வண்டி வரும். 'எல்லையில்லாத வெள்ளைச் சுவர்' என்று வாசலில் எழுதியிருந்தது. எல்லா ஸ்டூடியோக்காரர்களும் சொல்வதுதானே என்று தையல்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் அந்தத் தெருவில் பொய் கலக்காத ஒரே விளம்பரம் அதுதான். படத்தில் மூலை தெரியக்கூடாது என்பதற்காக இப்படிப்பட்ட இடங்களில் சுவரும் தரையும் சேரும் இடத்தை வளைவாகப் பூசுவார்கள். இங்கே வேலை பார்த்த கொத்தனாரிடம் ஸ்டூடியோக்காரர் இன்னும் கோடு தெரிகிறது, இன்னும் தெரிகிறது என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். கொத்தனாரும் ரோஷக்காரர். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார், தேய்த்தார், ஒரு மத்தியானம் கை எதிலும் படாமல் உள்ளே போய்விட்டது. மூலையோடு சுவரும் போயிருந்தது. கூலியை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். தரை துடைக்கிறவர் அடுத்த நாள் காலையில் உள்ளே போனவர், சாயங்காலம் திரும்பி வந்து, எவ்வளவு துடைத்தாலும் முடியவில்லை, இதற்குத் தனிக் கூலி வேண்டும் என்று தகராறு செய்தார். அதன் பிறகு ஸ்டூடியோக்காரர் தரையில் ஒரு மஞ்சள் நாடாவை ஒட்டி, அதைத் தாண்டக்கூடாது என்று வருகிறவர்களிடம் சொல்லி வந்தார். செவ்வாய்க்கிழமை அவர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார்.

அன்று காலையிலிருந்தே தையல்காரிக்கு நிற்க நேரமில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது போல, கொக்கி கழன்றது, நூல் தொங்கியது, இஸ்திரிப் பெட்டி சூடேறவே மாட்டேன் என்றது. சாம்பல் நிறக் கோட்டு கடைசிக்கு முந்தைய உடுப்பு. அவள் தைத்ததிலேயே ஆகச் சிறந்தது அதுதான். தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே வீச்சில் இறங்கும். நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். பிறகு திரும்பிக் கேட்டாள்.

"இது எனக்கா அண்ணி?"

"உனக்கு எதுக்கு? போட்டுக் காட்டத்தான். கசங்காம நில்லு."

அதைச் சொன்ன தையல்காரிக்கு அப்போது அது ஒரு பேச்சாகவே படவில்லை. நாத்தனார் தலையை ஆட்டிவிட்டு வெள்ளையில் போய் நின்றாள். கேமராக்காரர் கொஞ்சம் பின்னாடி போங்க என்றார், போனாள். இன்னும் கொஞ்சம் என்றார். மஞ்சள் நாடாவைத் தாண்டினாள். அவருக்குக் கேமராச் சட்டத்துக்குள் விழுவதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வீடு பற்றி எரிந்தாலும் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பார். அவர் போதும் என்றபோது நாத்தனார் நிற்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, கோட்டின் வால் அசைய, முழங்கை அளவாகி, விரல் அளவாகி, கடைசியில் வெள்ளையில் ஒரு சாம்பல் புள்ளியாக நின்றாள். கேமராக்காரர் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். தையல்காரி முதலில் கோட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். இதை மறைப்பதற்கில்லை.

படங்கள் துணிக்கடைக்குப் போயின. எல்லையில்லாத வெள்ளையில் தனியாக நடந்து போகும் பெண்ணின் படத்தைப் பார்த்து அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாராம். கோட்டுகளுக்கு ஆர்டர் வந்தது, பிறகு கவுன்களுக்கும் வந்தது. தையல்காரி இரண்டு தையல் ஆட்களைச் சேர்த்தாள், பிறகு இன்னும் சிலரை. ஏறிய ஏணியை எட்டி உதைத்தவள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், அது அவள் காதுக்கும் வந்தது. புருஷன் அவளிடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவன் தினமும் வேலை முடிந்ததும் ஸ்டூடியோவுக்குப் போய் மஞ்சள் நாடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். சில தடவை உள்ளே போய், வீட்டுக்கு வா, வந்துவிடு என்று கத்திப் பார்த்தான். அவன் கத்தக் கத்தப் புள்ளி தள்ளிப் போனது. காலையில் அவன் நாடாவின் மேல் வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டு டப்பா மாலையில் காலியாக, கழுவித் துடைத்து, அதே இடத்தில் இருக்கும். தையல்காரி ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருக்கிறது என்றாள். வேலை இருந்தது உண்மைதான், ஆனால் போகாததற்குக் காரணம் வெட்கம். மாலையில் துணியை விரித்ததும் மறுமுனையைப் பிடி என்று வாய்வரை வந்துவிடும். ஆட்கள் எத்தனை பேர் இருந்தும் அந்த முனையை மேசையில் கனமான கத்திரிக்கோலை வைத்துத்தான் நிறுத்தினாள்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒரு நாள் ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். செருப்புக் கம்பெனிக்காரர்கள் எடுத்த படத்தில் ஒரு புள்ளி, குழந்தைத் துணிக்காரர்கள் எடுத்த படத்தில் ஒரு புள்ளி, சமையல் பாத்திரத்துக்குப் பின்னாலும் அதே புள்ளி. எவ்வளவு அழித்தாலும் போகவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் வேறு இடம் பார்க்கிறார்கள்.

"உங்க வீட்டுப் பொண்ணு எல்லாப் படத்துலயும் வந்து நிக்கறாங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். சனிக்கிழமை வேறொரு கொத்தனார் வருகிறார், செங்கல் வைத்து மூலையை மறுபடி கட்டிவிடப் போகிறார். அதற்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லி, கொடுத்த தண்ணீரை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் போனார். மூலை கட்டிவிட்டால் அவள் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. புருஷன் மறுபடி போய்க் கத்துவதற்காகச் செருப்பை மாட்டினான். தையல்காரி அவனை உட்காரச் சொன்னாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அது இல்லாமல் அவளுக்கு எங்கேயும் போகத் தெரியாது.

உள்ளே விளக்கும் இல்லை, இருட்டும் இல்லை. காலடியில் நிழல் விழவில்லை. மேலே கூரை இருக்க வேண்டிய இடத்தில் கூரை இல்லை. தையல்காரி யாரையும் கூப்பிடாமல் நடந்தாள். புள்ளி தள்ளிப் போகவில்லை. விரலானது, முழங்கையானது, ஆளானது, அதற்கு மேலும் உயர்ந்துகொண்டே போனது. கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தபோது, இவ்வளவு உயரமா இவள் என்று அவளுக்கே திகைப்பாகிவிட்டது. நாத்தனார் இளைக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. அந்த வெறும் வெளியில், நேற்றுத்தான் பார்த்தது போல நின்றாள்.

"வந்துட்டீங்களா அண்ணி? கால் வலிக்குதா?"

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். கண் கோட்டின் மேல் போய்விட்டது. தொழில்காரியின் கண் அப்படித்தான். ஆயிரம் பேர் வாங்கிப் போட்டுக்கொண்ட அந்தக் கோட்டு, அவள் தைத்ததிலேயே சிறந்த கோட்டு, நாத்தனார் உடம்பில் பொருந்தாமல் இருந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தோள் இழுத்தது. கழுத்துப் பட்டி பிடரியை விட்டு விலகியிருந்தது. துணி சுருங்கவில்லை, தையல் பிரியவில்லை. உடம்புதான் நிமிர்ந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவளுக்கு எத்தனையோ தடவை அளவு எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இவள் குனிந்து நின்றாள், அந்தக் குனிவையே இவளுடைய அளவு என்று எழுதி வைத்திருக்கிறாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று தன் ஆட்களுக்குப் பாடம் எடுப்பவள், கூடவே இருந்த ஒருத்தியை ஒரு தடவைகூடச் சரியாக அளந்ததில்லை.

"கோட்டு பின்னாடி தூக்குது," என்றாள். "முதுகு நீளம் பத்தலம்மா. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

தையல்காரி அழுதாள். அழுதுகொண்டே அளவு நாடாவை எடுத்து, பிடரியில் வைக்கக் கையை உயர்த்தினாள். நாத்தனார் பழக்கதோஷத்தில் முதுகை வளைத்துக் கழுத்தைத் தாழ்த்தினாள்.

"குனியாத."

"உங்களுக்கு எட்டாது அண்ணி."

"எட்டாட்டி பரவால்ல. நீ குனியாத."

நாத்தனார் நாடாவின் நுனியைத் தானே வாங்கித் தன் பிடரியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தையல்காரி மறுமுனையோடு மெதுவாக இறங்கி, மண்டியிட்டு, குதிகால் வரை இழுத்தாள். நாடா போதவில்லை. விட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மிச்சத்தையும் அளந்தாள். தோள், கை, இடுப்பு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தாள். புதுக் கோட்டுக்கு என்ன நிறம் வேண்டும், பை எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டாள். நாத்தனார் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள்; அவளுக்கு நிறைய யோசனைகள் இருந்தன. எல்லாம் முடிந்த பிறகுதான் தையல்காரி வந்த விஷயத்தைத் தொட்டாள், அதையும் கேள்வியாகத்தான் கேட்டாள்.

"வர்றியா?"

நாத்தனார் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

"பகல்ல மட்டும் வர்றேன் அண்ணி."

தையல்காரி எதிர்பார்த்த பதில் அது இல்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சரி என்றாள்.

சனிக்கிழமை காலையில் கொத்தனார் சிமெண்ட்டைக் குழைத்து வைத்துக்கொண்டு நின்றபோது, வெள்ளையிலிருந்து நாத்தனார் நடந்து வந்து மஞ்சள் நாடாவைத் தாண்டி, வணக்கம் சொல்லிவிட்டு, முகம் கழுவப் போனாள். ஸ்டூடியோக்காரர் பூசலாமா என்று கேட்டார். தையல்காரி வேண்டாம் என்றாள், அந்த இடம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஸ்டூடியோக்காரருக்கும் பல்வலிக்குப் பிறகு தொழிலில் பற்று குறைந்திருந்தது. குழைத்த சிமெண்ட் சட்டியிலேயே இறுகிப் போனது. மறுவாரமே வெட்டும் மேசை, இஸ்திரி மேசை, தையல் இயந்திரங்கள் எல்லாம் அங்கே வந்துவிட்டன.

அதன் பிறகு சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனார் காலையில் வருவாள், உடுப்புகளைப் போட்டு நிற்பாள், பிடிக்காத உடுப்பைப் பிடிக்கவில்லை என்பாள். அவள் வேண்டாம் என்றது பெரும்பாலும் விற்காமல்தான் போயிற்று. மத்தியானம் அண்ணன் வருவான், மூன்று பேரும் மேசையைத் துடைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் விளக்கை அணைக்கும் நேரத்தில் அவள் அண்ணியிடம் சொல்லிவிட்டு, கையை இரண்டு ஆழமான பைகளுக்குள் விட்டுக்கொண்டு, வெள்ளையில் இறங்கி நடப்பாள். அந்த நேரத்தில் அளவு கொடுக்க வந்திருக்கும் புது வாடிக்கைக்காரர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு, அந்தப் பொண்ணு எங்கே போகுது என்று கேட்பதுண்டு. தையல்காரி தலையை நிமிர்த்தி, முதுகு கண்ணிலிருந்து மறையும் வரை பார்ப்பாள்.

"வீட்டுக்கு," என்று சொல்லிவிட்டு, அளவைச் சரிபார்த்து எழுதிக்கொள்வாள்.