காதுக்குள்ள மழைச் சத்தம்

அமாவாசைக்குத் தறி ஓடாது. அருப்புக்கோட்டையில அந்தத் தெருவுக்கு அது எழுதாத சட்டம். மத்த நாளெல்லாம் வீட்டுக்கு வீடு டக்கு டக்குன்னு விசைத்தறி அடிக்கும். அன்னைக்கு ஒரு நாள்தான் காக்கா கரையிறது காதுல விழும். அதை நம்பித்தான் ஜீவிதா பாட்டுத் தேர்வுக்கு ஞாயித்துக்கிழமையக் குறிச்சுக் குடுத்தா. செவுத்துல தேதி கிழிக்கிற காலண்டர் தொங்குது. அதைப் பாக்காம, போன்ல அமாவாசைன்னு கறுப்பு வட்டம் போட்டிருந்த தேதியப் பாத்துக் குடுத்துட்டா, புத்திசாலி. திதி சனிக்கிழமை மத்தியானமே பொறந்துருச்சு. தெரு சனிக்கிழமையே தறிய நிறுத்திப்புட்டு விரதச் சோறு தின்னுட்டுத் தூங்குது. அப்பத்தான் இவளுக்கு வெளங்குச்சு, நாளைக்குத் தெரு முச்சூடும் தறி ஓடும்னு.

என்ன தேர்வுன்னு கேப்பீக. ப்ளூஸ்னு ஒரு பாட்டு. அமெரிக்காவுல பருத்திக்காட்டு வெயில்ல வெந்த கறுப்புச் சனங்க தங்க வயித்தெரிச்சலப் பாட்டாக்குனது. சென்னையில ஒரு பள்ளிக்கூடத்துல அதை ஒரு வருசம் சொல்லிக் குடுக்குறாக. தங்குறது, திங்கிறது எல்லாம் அவுக செலவு. தேர்வ வீட்டுல இருந்தே வீடியோ கால்ல குடுக்கலாம். முப்பது வயசு தாண்டுனா சேத்துக்க மாட்டாக. ஜீவிதாவுக்கு வர்ற மாசியில முப்பது முடியுது. இதை விட்டா தறிதான்.

தறின்னா அவளுக்குக் கேவலம் இல்ல. பயம். பத்து வருசமா தறிக்கு முன்னால நின்னுக்கிட்டே இடது காதுல மட்டும் இயர்போனச் சொருகி ப்ளூஸ் கேட்டா. தறிச் சத்தத்தத் தாண்டிக் கேக்கணுமில்ல, வால்யூம முழுசாத் தூக்கி வச்சுருவா. வலது காது தறிக்கு. பாவு இழை அறுந்தா சத்தம் லேசா மாறும். அதைப் பிடிக்காட்டி துணி வீணாப்போகும். அப்படி இடது காதப் பாட்டு தின்னுருச்சு. இப்ப வலது காதத் தறி தின்னுக்கிட்டு இருக்கு. அவ அப்பா திம்மையாவுக்கு ரெண்டும் போயி வருசமாச்சு. மனுசன் டீக்கடையில ஒக்காந்து, யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு. மக கிட்டார் வாசிப்பான்னு தெரியும், கேட்டதில்ல. அந்தச் சிரிப்பப் பாக்குறப்பெல்லாம் ஜீவிதா தன் வலது காதத் தொட்டுப் பாத்துக்குவா. காது போறத யாருகிட்டயும் அவ சொன்னதில்ல, பள்ளிக்கூடத்துக்காரவுககிட்டயும்தான்.

ஒருவாட்டி காதுல பஞ்ச வச்சுக்கிட்டுத் தறியில நின்னா. அம்மா லிங்கம்மாள் வந்து பிடுங்கிப் போட்டுருச்சு.

"பஞ்ச வச்சுக்கிட்டா நூல் அறுந்தா யாரு பாக்குறது?"

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. லிங்கம்மாளும் கொடுமைக்காரி கிடையாது. அதுக்கும் ஒரு காது மந்தந்தான். எல்லாரும் இப்படித்தானே இருக்கோம்ங்கிற நெனப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் ஜீவிதா ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுத் திருச்சுழி ரோட்டுல போயிப் பாத்தா. கருவேலங்காட்டுக்குள்ள சத்தமே இல்ல, சிக்னலும் இல்ல. சிக்னல் வந்த எடத்துல லாரி. திரும்பி வந்து நடையில ஒக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. தேதிய மாத்தச் சொல்லி மெயில் போட்டதுக்கும் பதில் வரல. அலுத்துப்போச்சு அவளுக்கு. வண்டியில அலைஞ்ச ஒடம்பு வேற கடுத்துச்சு.

"எத்தன நேரம் பாடணும்?"ன்னு லிங்கம்மாள் கேட்டுச்சு.

"அரை மணி நேரம்."

"சத்தம் கேட்டா ஆகாதோ?"

"ஆகாதும்மா. கம்ப்யூட்டர்ல இரைச்சலத் தட்டிவிடுற வசதிய அணைச்சு வைக்கணும்னு சொல்லிட்டாக. அது கிட்டாரையும் சேத்து முழுங்கிருமாம். அணைச்சு வச்சா தெருச் சத்தம் பூராவும் அங்க போகும்."

மறுநா காலையில லிங்கம்மாள் தலையச் சீவி, நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, கல்யாணத்துக்குச் சொல்லப் போறாப்புல வீடு வீடா ஏறுச்சு. சோணைமுத்து வீட்டுல மொகத்தச் சுழிச்சாரு. சேலை லோடு ஏத்த ஆளு வந்து நிக்கிறான், நேத்துத்தான ஒரு நாள் சும்மா கெடந்துச்சுன்னாரு. இந்தம்மா விடல.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம். பதினோரு மணிக்கு நிறுத்துங்க. முடிஞ்சதும் நாங்க தறியப் போடுவோம். எங்க தறி ஓடுற சத்தம் கேட்டா நீங்களும் போட்டுக்கங்க. வீட்டுக்கு வீடு வந்து சொல்ல எனக்குக் காலு இல்ல."

ஊரு வாய மூட ஒலமூடி இல்லன்னு சொல்லுவாக. ஆனா பதினோரு மணிக்குத் தெருத் தறியெல்லாம் ஒவ்வொண்ணா வாய மூடுச்சு. ஜீவிதாவுக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. இத்தனை வருசமா இந்தத் தெருவ வைதுக்கிட்டுத்தானே கெடந்தோம்னு வெக்கமாவும் இருந்துச்சு.

சித்தப்பா மகன் ராஜ்கமலோட லேப்டாப்ப நடு அறையில வச்சு, தறிக்கூடத்துக்கு முதுகக் காட்டி ஒக்காந்தா. திரையில ரெண்டு பேரு. பிரவீணான்னு ஒரு மேடம், பக்கத்துல ஒரு தாடிக்காரர். மொதல்ல ஒரு பழைய ப்ளூஸ் வாசிக்கச் சொன்னாக. கிட்டாரத் தொட்டா.

கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கத அங்கதான் ஆரம்பிச்சது. தறி ஓடாத அமாவாசையத் தூங்கித்தான் கழிப்பா, தறிச் சத்தம் இல்லாம அவ வாசிச்சதே இல்ல. நின்னு போன தெருவுல அவ காதுக்குள்ள எப்பவும் இருக்குற இரைச்சல் மட்டும் தனியா, மழை பெய்யிறாப்புல ஓன்னு கேக்குது. தாளம் பிடிபடல. ஒரு எடத்துல ஓடுறா, இன்னொரு எடத்துல நிக்கிறா. வாசிச்சு முடிச்சப்ப ரவிக்கை முதுகோட ஒட்டிக்கிருச்சு.

"கொஞ்சம் அவசரப்படுறீங்க ஜீவிதா"ன்னாக பிரவீணா, ஒதடு பாதி மறையக் கன்னத்துல கைய வச்சுக்கிட்டு.

"என்னங்க மேடம்?" வலது காதத் திருப்பிக் கேட்டா.

அவுக திரும்பச் சொன்னாக. ஜீவிதா மறுபடியும் தலையச் சாச்சுக் கேட்டா.

"பரவால்ல. அடுத்து உங்க சொந்தப் பாட்டு. மெதுவா, நிதானமா."

இப்படியே பாடுனா இதுவும் நாசம்னு ஜீவிதாவுக்குத் தெரிஞ்சு போச்சு. பின்னால திரும்பி, வாசல்படியில நின்ன அம்மாவப் பாத்து ஒதட்ட மட்டும் அசைச்சா. "நம்ம தறிய மட்டும் போடும்மா."

தறிக்கூடத்துல பேச்சு ஒதட்டுலதான். அந்தத் தெருவுல பொறந்த யாரும், எதுத்த வீட்டுப் புருசன் பொஞ்சாதி என்ன முணுமுணுக்குறாகன்னு இங்க இருந்தே சொல்லிருவாக. வீட்டுப் பேச்சு கன்னடம், வெளிப் பேச்சு தமிழ். ரெண்டும் ஒதட்டப் பாத்தே படிச்சுருவாக. லிங்கம்மாளுக்கு வெளங்குச்சு. ஏன்னுதான் வெளங்கல. வீடு வீடா ஏறிக் கெஞ்சி நிறுத்துன சத்தத்த இவளே கேக்குறாளேன்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போயி மோட்டாரப் போட்டுச்சு.

ஒத்தத் தறி. டக்கு டக்கு, டக்கு டக்கு. "இது எங்க வீட்டுத் தாளம் மேடம்"னு சொல்லிட்டு ஜீவிதா பாட ஆரம்பிச்சா.

*காலையில எந்திரிச்சேன், காதுக்குள்ள மழைச் சத்தம்,*
*ஏ சாமி, காலையில எந்திரிச்சேன், காதுக்குள்ள மழைச் சத்தம்,*
*கதவத் தொறந்து பாத்தேன், காடெல்லாம் காஞ்ச புழுதி.*

தாடிக்காரர் நிமிந்து ஒக்காந்தாரு. பிரவீணா கன்னத்துல வச்சிருந்த கைய எடுத்துட்டாக. ஜீவிதாவுக்கு ஒடம்பெல்லாம் லேசாச்சு. கெடச்சிரும்னு நெனச்சா. வாய் விட்டுச் சொல்லல, ஆனா நெனச்சா.

வெண்ணெய் திரண்டு வர்றப்பத் தாழி ஒடையாட்டி அது எங்க ஊருல நடந்ததா ஆகுமா. லிங்கம்மா வீட்டுத் தறி ஓடுது, அப்ப பாட்டு முடிஞ்சதுன்னு சோணைமுத்து தறியப் போட்டாரு. அவரு சத்தம் கேட்டு எதுத்த வீட்டு நல்லகண்ணு மதினி. அவுகளக் கேட்டு அடுத்த வீடு. பேச்சு மாறாத சனங்க. ரெண்டாவது சரணம் முடியிறதுக்குள்ள தெரு முச்சூடும் எறங்கிருச்சு. லிங்கம்மாள் மோட்டார அணைச்சுட்டு வாசலுக்கு ஓடுச்சு, கைய ஆட்டுச்சு. யாரு பாக்குறது, அவுகவுக தறியில அவுகவுக.

ஜீவிதா நிறுத்தல. தன் குரல் தனக்கே கேக்காமக் கடைசி வரி வரைக்கும் பாடி முடிச்சா.

திரையில ரெண்டு பேரும் மைக்க அணைச்சுட்டாக. அணைச்சுட்டுத் தங்களுக்குள்ள பேசுனாக. மைக்க அணைச்சா பேச்சு மறைஞ்சிரும்னு நெனச்சாக. அவுக மேல என்ன தப்பு.

"குரல் அபாரம். ஆனா காது போயிருக்கு, கவனிச்சீங்களா?" இது பிரவீணா. "நான் சொன்னது ஒண்ணுமே அவளுக்கு ஒழுங்கா விழல. அந்தப் பாட்டே அதைத்தான் சொல்லுது."

"ஒரு வருசம் ஸ்பீக்கருக்கு நடுவுல வச்சா இருக்கதும் போயிரும்"னாரு தாடிக்காரர். "அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

"வேண்டாம்தான். பாவம்."

மைக்கப் போட்டாக. பிரவீணா சிரிச்ச மொகமா, "ரொம்ப நன்றி ஜீவிதா. மெயில்ல தெரியப்படுத்துறோம்"னு சத்தமாச் சொன்னாக. ஜீவிதாவும் நன்றி சொன்னா. திரை இருண்டுச்சு.

எதுத்த வாசல்ல நல்லகண்ணு மதினி நின்னுக்கிட்டு, "என்னாச்சு, கெடச்சிருச்சா?"ன்னு ஒதட்டால கேட்டாக. "மெயில் வரும்"னு ஜீவிதா ஒதட்டாலயே சொல்லி வச்சா. கிட்டாரப் பையில போட்டு ஆணியில மாட்டுனா. அழுகை வரல. அழுகுறதுக்கும் தெம்பு வேணுமில்ல. தறிக்கூடத்துக்குப் போயி, மோட்டாரப் போட்டு, முன்னால நின்னா.

அம்மாகிட்டயும் மெயில்னே சொல்லிரலாம்னு திரும்புனா. லிங்கம்மாள் சாமி மாடத்துக்கிட்ட நின்னுச்சு. வாசலுக்கு ஓடுன மனுசி எப்பத் திரும்பி வந்து தன் முதுகுக்குப் பின்னால நின்னுச்சுன்னு ஜீவிதாவுக்குத் தெரியாது. அம்மா மொகத்தப் பாத்ததுமே வெளங்கிருச்சு. திரையப் பாத்துருக்கு. ஒதட்டையும் படிச்சிருக்கு.

லிங்கம்மாள் வெளக்குத் திரிக்கு வச்சிருந்த பஞ்சுல ஒரு கொத்தப் பிச்சு, நல்லெண்ணெயில லேசாத் தொட்டு, உள்ளங்கையில உருட்டிக்கிட்டே வந்துச்சு. மக தாடையப் பிடிச்சுத் திருப்பி, வலது காதுல வச்சு அமுக்குச்சு. தறிச் சத்தம் எங்கயோ தூரத்துக்குப் போச்சு, மழை மட்டும் மிச்சம் இருந்துச்சு.

அம்மாவோட ஒதடு அசைஞ்சது.

"நூல் அறுந்தா நான் பாத்துக்கிறேன்."