குற்றால நீரில் நின்ற இதயம்

சுரண்டைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திய தளவாய் சார், 1938-ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு தவளையின் இதயத்தைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துத் துடிக்கவிட்டார். உப்புக் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். உடம்பில்லாத இதயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் துடித்தது. ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை திருநீறு பூசிக்கொண்டு போனார்.

செய்தி தென்காசிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. மூன்றாம் நாள் சங்கிலிப்பாண்டி காரில் வந்து இறங்கினார். நிலபுலன்காரர், குற்றாலத் தீர்த்த மகிமைச் சபையின் தலைவர். அருவித் தண்ணீரைச் சீசாவில் அடைத்து, ‘இருதயத்துக்கு இதமானது’ என்று லேபிள் ஒட்டி, மதுரை வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவர்.

“சார்வாள், எந்தத் தண்ணியில துடிச்சுது?”

“இந்தப் பள்ளிக்கூடத்துக் கிணத்துத் தண்ணிதான் அண்ணாச்சி. அதுல உப்பு கரைச்சு விட்டேன்.”

“இந்தச் சவர்த் தண்ணியிலயே ஒரு மணி நேரமா!” சங்கிலிப்பாண்டிக்கு மூச்சு முட்டியது. “அப்ப நம்ம அருவித் தண்ணியில ரெண்டு நாளைக்குத் துடிக்குமே! சீசனுக்கு நம்ம சபையில காட்டிருவோம். ரிடையர்டு ஜட்ஜ் அய்யா தலைமை. நோட்டீஸ் அடிக்கச் சொல்லிட்டேன்.”

“ஒரு தடவை இங்க செஞ்சு பாத்துட்டு...”

“மூலிகையெல்லாம் நனைச்சுக்கிட்டு வாற தண்ணி. அதுக்குப் பரிச்சையா வைக்கப் போறீய?”

தளவாய் சாருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். பதினோரு வருஷ உத்தியோகத்தில் அவர் பெயர் நோட்டீஸில் வருவது அதுதான் முதல் தடவை. ‘விஞ்ஞான சிங்கம்’ என்று வேறு போட்டிருந்தார்கள்.

குறித்த நாளில், பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கும் குருவம்மாள், நாலு தவளைகளை ஓலைப்பெட்டியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு அவருடன் பஸ் ஏறினாள். கத்தி, இடுக்கிகளைக் கழுவுவதற்காகப் பள்ளிக்கூடக் கிணற்று நீரில் உப்புக் கரைத்த பாட்டில் ஒன்று அவர் பையில் இருந்தது.

குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பந்தலில் முன்னூறு பேர் இருந்தார்கள். ஜட்ஜ் அய்யா முன்வரிசை நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். இருதயக் கோளாறுக்காரர். சபைத் தண்ணீரைத் தினம் ஆறு சீசா குடிப்பவர். சங்கிலிப்பாண்டி முக்கால் மணி நேரம் பேசினார். வெள்ளைக்காரன் மருந்தெல்லாம் இந்த அருவியின் காலடியில் விழ வேண்டும் என்று அவர் முடித்ததும் கைதட்டினார்கள். அந்த வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வேலையைத்தான் அடுத்துக் காட்டப்போகிறோம் என்பதைத் தளவாய் சார் சொல்லவில்லை.

தவளையை அறுத்து இதயத்தை எடுத்தார். துடித்தது. முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சபையின் சீசாவைத் திறந்து, அதே அளவு உப்புச் சேர்த்து, சொட்டுச் சொட்டாக விட்டார். சபைச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷங்களை உரக்க எண்ணத் தொடங்கினார்.

இரண்டு நிமிஷத்தில் துடிப்பு மெலிந்தது. நாலாவது நிமிஷத்தில் இதயம் தளர்ந்து, நனைந்த துணி மாதிரிக் கிண்ணத்தில் கிடந்தது. எண்ணுகிறவர் எண்ணுவதை நிறுத்தினார். ஜட்ஜ் அய்யா சால்வைக்குள் கையை விட்டுத் தன் நாடியைப் பிடித்துக்கொண்டார்.

“சாந்தி அடைஞ்சுட்டு!” என்றார் சங்கிலிப்பாண்டி, சமாளிக்கப் பார்த்து. “நம்ம தண்ணியோட குளிர்ச்சி அப்படி!”

“செத்துட்டுன்னு சொல்லும்வே,” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தளவாய் சார் என்ன செய்கிறோம் என்ற யோசனையே இல்லாமல் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, அதிலிருந்த தண்ணீரை இதயத்தின் மேல் விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஓரம் சுருங்கியது. மறுபடி சுருங்கியது. அப்புறம் முழு இதயமும் ஒழுங்காகத் துடிக்க ஆரம்பித்தது.

“அது என்ன தண்ணி?” ஜட்ஜ் அய்யா எழுந்துவிட்டார்.

“சுரண்டைக் கிணத்துத் தண்ணிங்க.”

பந்தல் சிரித்த சிரிப்பில் அருவிச் சத்தம் கேட்கவில்லை. சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் தளவாய் சார் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு வந்தார். அவமானத்தைவிடக் காரணம் தெரியாததுதான் அவரை அரித்தது.

“உப்பு ஒரே அளவுதான் குருவம்மா. தவளையும் ஒரே தவளை. தண்ணி மட்டும் என்ன செஞ்சிரும்?”

“என்ன இப்படிச் சொல்லுதீய?” என்றாள் குருவம்மாள். “நம்ம கிணத்துத் தண்ணியில பருப்பு வேகுதா? சோப்பு நுரைக்குதா? சட்டியச் சுரண்டினா வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புதான் வருது. அருவித் தண்ணியில அதொண்ணும் கிடையாதே.”

தளவாய் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளே அருவித் தண்ணீரில் உப்புக் கரைத்து, அதில் இன்னொரு தவளையின் இதயத்தை நிற்க விட்டார். தெளிந்த சுண்ணாம்பு நீரை அதே உப்புத் தண்ணீரில் ஒரு துளி கலந்து ஊற்றினார். இதயம் எழுந்து துடித்தது. ஐந்து தடவை செய்தார். ஐந்து தடவையும் அப்படித்தான். பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டியபோது, அவர் படித்த காலத்தில் பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்ட பக்கத்தில் அது இருந்தது: இதயத் தசையின் உயிரணுக்கள் சுருங்கிச் சுருங்கி விரிவதற்குக் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, வேண்டும். அவர் வெட்கப்பட்டார். ஆனாலும் அன்று வகுப்பில் அவர் பேசிய மாதிரி அதற்கு முன் பேசியதில்லை.

சபை மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. மூவரில் ஒருவர்கூட அதுவரை தவளையைத் தொட்டவரில்லை. பதினைந்து நாள் ஆராய்ந்து, குற்றம் தவளையுடையது என்று தீர்ப்புச் சொன்னார்கள். சுரண்டைத் தவளை மட்டமான தண்ணீரில் வளர்ந்தது. உயர்ந்த நீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜட்ஜ் அய்யா தீர்ப்பை ஏற்கவில்லை. சுண்ணாம்பு விஷயம் காதில் விழுந்ததும் வெற்றிலையில் நாலு மடங்கு தடவி மென்று, நாக்கு வெந்து, ஒரு வாரம் கஞ்சி குடித்தார். அவரைப் பார்த்துத் தென்காசியில் பாதிப் பேருக்கு நாக்கு வெந்தது.

ஆடி முடிவில் சங்கிலிப்பாண்டி மறுபடி சுரண்டைக்கு வந்தார். கையில் புது லேபிளின் மாதிரி இருந்தது: ‘சுண்ணாம்புச் சத்துச் சேர்ந்தது.’

“சீசாவுக்கு எத்தனை சொட்டு விடலாம்? கூடுதலாவே சொல்லுங்க.”

தளவாய் சார் கிண்ணத்தையும் ஒரு தவளையையும் எடுத்து வைத்தார். ஒரு இதயத்தைத் துடிக்க விட்டு, சுண்ணாம்பு நீரைத் தாராளமாகச் சேர்த்தார். இதயம் இறுகி, மூடிய முஷ்டி மாதிரி நின்றது. விரியவே இல்லை.

“இதுவும் நின்னுட்டே!”

“குறைஞ்சா தளர்ந்து நிக்கும். கூடினா இறுகி நிக்கும். நம்ம ரத்தத்துல அளவை உடம்பே பாத்துக்கிடுது அண்ணாச்சி. சீசாவுல விட்டுக் கூட்ட வேண்டாம்.”

சங்கிலிப்பாண்டி இறுகிய இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மெல்ல மார்புக்குப் போயிற்று.

“எனக்குச் சரியா இருக்குமா சார்வாள்?” என்றார், வேறு குரலில்.

“இருக்கப்போய்த்தான வந்திருக்கீய.”

அவர் காரில் ஏறும்வரை மார்பிலிருந்து கையை எடுக்கவில்லை. தென்காசி போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்த மாதம் புதுச் சீசாக்கள் கடைக்கு வந்தன. லேபிளில் சுண்ணாம்பைக் காணோம். ‘தவளை இதயத்தில் பரீட்சிக்கப்பட்டது. சாட்சி: விஞ்ஞான சிங்கம் தளவாய்’ என்று போட்டிருந்தது.

தளவாய் சார் கண்டித்துக் கடிதம் எழுதினார். பதிலாக நன்றித் தீர்மானமும் ஒரு டஜன் சீசாவும் வந்தன. திருப்பி அனுப்பத்தான் முதலில் நினைத்தார். அப்புறம் ஒன்று தோன்றியது. சுண்ணாம்பில்லாத தண்ணீரில் இதயம் நிற்பதைப் பையன்களுக்குக் காட்ட வாலைவடி நீர், அதாவது காய்ச்சி ஆவியாக்கி வடித்த தண்ணீர், வாங்கித் தாருங்கள் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டும் பள்ளிக்கூடம் வாங்கித் தரவில்லை. சபையின் தண்ணீரோ அந்தக் காரியத்தைத் தப்பாமல் செய்தது. நாலு நிமிஷத்துக்கு மேல் எந்த இதயமும் அதில் தாங்கவில்லை.

தை மாதம் சீசாக்கள் தீர்ந்தபோது, இன்னும் ஒரு டஜன் அனுப்பும்படி சபைக்கு மிகுந்த மரியாதையுடன் எழுதிப் போட்டார். சபை உடனே அனுப்பியது.