அப்பாவைக் கேட்டு வந்தவர்

"எத்தனை மணிக்குப் பீறிடும்?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தொப்பிக்காரர் மறுபடியும் கேட்டார்.

மெரியானா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அப்பாவின் நெற்றியில் இறங்கப் பார்த்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். துக்க வீட்டுக்காரர்கள் உடலை விட்டு நகரக்கூடாது, அடுப்பங்கரைப் பக்கம் போகக்கூடாது, சபையில் பேசவும் கூடாது. அந்த வெந்நீர் ஊற்று எப்போது கிளம்பும் என்று வாழ்நாள் முழுக்கச் சுற்றுலா வழிகாட்டியாக இருந்த அப்பா ஹொஹேபாவுக்கே தெரியாது. "அதுக்கு மனசு வந்தா வரும்" என்பார். கூட்டம் சிரிக்கும். சேற்றுக் குளத்தருகே நின்று அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து நாலு பேர் படம் எடுத்தார்களாம்.

சுற்றுலாக்காரர்கள் வரும் கிராமத்து வாசலைத் துக்கத்துக்காக அடைத்தாகிவிட்டது. ஆனால் பக்கத்துப் பூங்காவின் பலகைப் பாதை வேலியை ஒட்டியே போகிறது. ஆரஞ்சும் பச்சையுமாகக் கரை கட்டிய குளத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அதே ஆர்வத்தோடு இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார்கள்.

"போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரவா சித்தி?"

"உக்காருடி. உங்கப்பன் சம்பாதிச்ச கூட்டம்தானே" என்றாள் குயினி சித்தி. அம்மாவின் தங்கை அவள்.

அப்போதுதான் அப்பா பிறந்த கடற்கரை ஊர்க்காரர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் தியோபிரா பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அழுகையும் வரவேற்பும் முடிந்ததும் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார்.

"என் தம்பியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்! அவன் தொப்புள்கொடி எங்க மண்ணுல கிடக்கு. உங்க ஊர்ல மண்ணா இருக்கு? ஒரு முழம் தோண்டினா ஆவி அடிக்குது! என் தம்பிய சிமெண்ட் பெட்டிக்குள்ள போட்டு வேகவைக்கப் போறீங்களா?"

மெரியானாவுக்குத் திக்கென்றது. இந்த ஊரில் குழி தோண்ட முடியாது என்பது உண்மைதான். தரைக்கு மேல் சிமெண்டில் கட்டி, உள்ளே வைத்து மூடுவார்கள். அம்மா அப்படித்தான் இருக்கிறாள். பக்கத்து அறை அப்பாவுக்கு. அவரே சுண்ணாம்பு அடித்து வைத்தது. அங்கே அல்லாமல் வேறெங்கோ அவரை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"பயப்படாத" என்று சித்தி காதோரம் சொன்னாள். "கேக்கணுமேன்னு கேக்குறாரு. கேட்டு வர ஆளில்லைன்னாத்தான் செத்தவனுக்கு அவமானம். நம்ம பெரியவரு எந்திரிச்சு நாலு திட்டு திட்டினா சரியாப் போயிடும்."

"ஹெமி மாமாவ இப்படித்தானே கேட்டாங்க? தூக்கிட்டே போயிட்டாங்களே!"

"அன்னிக்கு நம்ம பக்கம் பேச ஆள் சரியில்ல."

பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். "அங்க என்ன முணுமுணுப்பு? எனக்குக் கேக்குது!" என்று பெரியப்பா அதட்டினார்.

ஊர்ப் பெரியவர் மூட்டு வலியோடு தடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள், துக்க வீட்டுக்காரன் பேசக்கூடாது என்பதைக்கூட மறந்து, மனாஹி எழுந்துவிட்டான். மெரியானாவின் தம்பி. சின்ன வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே யாருக்கும் மனம் நோகாமல் பேசுவதையே பிழைப்பாக்கிக்கொண்டவன்.

"பெரியப்பா, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. நாம எதுக்கு சண்டை போட்டுக்கணும்? கூட்டிட்டுப் போங்க."

சேறு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. செத்தவர் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. மெரியானாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவோடு ஃபோனில் பேசச் சொன்னால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருப்பான். இன்றைக்குத்தானா இவனுக்குப் பேச்சு வர வேண்டும்!

பெரியப்பா அசையவில்லை. பெட்டியில் படுத்திருந்த தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெரியானாவைப் பார்த்தார்.

"என்னப்பா சொன்ன?" என்று காதருகே கையை வைத்துக்கொண்டார். "எனக்குச் சரியாக் கேக்கல."

பின்வரிசை முணுமுணுப்பையே பிடித்த காது அது. சபையில் எல்லோருக்கும் புரிந்தது, மனாஹி ஒருவனைத் தவிர. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் சத்தமாக ஆரம்பித்தான்: "நான் என்ன சொன்னேன்னா பெரியப்பா..."

மெரியானா எழுந்தாள். பேசத்தான் கூடாது. ஆனால் ஒரு பெண் பாட்டெடுத்தால் எப்பேர்ப்பட்ட பேச்சும் அத்தோடு நின்றாக வேண்டும். வாயைத் திறந்தாளே தவிர, ஒப்பாரிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வந்தது, அப்பா தானே இட்டுக்கட்டித் தினமும் வாசலில் பாடிய வரவேற்புப் பாட்டுதான். வாங்க வாங்க, பார்த்து வாங்க, பலகையை விட்டு இறங்காதீங்க. சனியன், வேறு எதுவுமே வரவில்லை. அழுதுகொண்டே அதையே பாடினாள். சித்தி எழுந்து சேர்ந்துகொண்டாள். அடுத்து எல்லாப் பெண்களும் சேர்ந்தார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று கைதட்டினார்கள்.

பாட்டு முடிந்ததும் ஊர்ப் பெரியவர் தடியைத் தட்டினார். "ஹொஹேபா எங்க ஆளு. இங்கதான் இருப்பான்!"

தியோபிரா பெரியப்பா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்கள். விருந்தில் பெரியப்பா நன்றாகச் சாப்பிட்டார். "ஒரு டூரிஸ்ட் பாட்டுக்குத் தோத்த ஒரே ஆள் நான்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நான்தான் சொன்னேன்ல, எல்லாம் மரியாதைக்குத்தான்னு" என்றாள் சித்தி. "நீ வேற வீணாப் பதறின."

மனாஹி இன்னும் விளங்காமல், "அப்போ நான் என்னதான் தப்பாச் சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சாப்பிடுடா" என்றாள் மெரியானா.

பெரியப்பா கிளம்பும் நேரம், தரையிலிருந்து ஆவி வரும் பெட்டியில் வெந்த இனிப்புப் புட்டிங்கைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு அவருடைய வேனுக்குப் போனாள். கையில் சூடு தாங்கவில்லை. பின்கதவை அவசரமாகத் திறந்தாள்.

உள்ளே இருக்கைகள் இல்லை. கழற்றி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் புதிதாகப் பின்னிய பாய் ஒரு ஆள் நீளத்துக்கு விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு தலையணை, இஸ்திரி போட்ட உறையோடு.

"அங்க வேணாம்மா" என்றது பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல். "முன்னாடி, என் பக்கத்துல வை."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். சுற்றிக்கொண்டு போய், புட்டிங்கை முன் இருக்கையில் வைத்து, அதன் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.