மாடியிலிருந்து கேட்ட மரகதம்

1

இந்தக் கதை, சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் போட்ட சண்டையிலிருந்து வந்தது. ஒருத்தி என் அம்மா பழனாத்தாள். திருப்பூரில் திருமூர்த்தி என்பவரின் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி விஜயகுமாரி. கதை அவளுடையது. அம்மாவை ஓரமாக உட்காரச் சொல்லியிருக்கிறேன். உட்காரமாட்டாள்.

முதல் தொடக்கம்: 2008ஆம் ஆண்டு, மின்வெட்டால் திணறிக்கொண்டிருந்த பின்னலாடை நகரத்தில்...
[வேண்டாம். செய்தித்தாள் வாடை.]

இரண்டாவது: விஜயகுமாரியின் கண்களில் ஆயிரம் கனவுகள்...
[அவள் கண்ணில் பஞ்சுத் தூசிதான் இருந்தது. அடித்துவிட்டேன்.]

மூன்றாவது, இருந்தபடியே: கீழே கம்பெனி, மேலே முதலாளி வீடு. மதியச் சாப்பாட்டுக்கு மெஷின்கள் நின்றதும் மாடி டிவியின் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வரும். முதலாளியின் மனைவி ரங்காத்தாளுக்குக் காது மந்தம். சத்தத்தைத் தாராளமாக வைப்பார். பெண்கள் கீழ்ப் படிகளில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே நாடகம் கேட்பார்கள். பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. மாடிக்குப் போகிற வழக்கம் கிடையாது.

2

அந்த நாடகத்தை ஊரிலும் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிற நேரத்தில் போட்டால் எவர் பார்ப்பார்? கதையும் கந்தல். செத்துப்போன மாமனார் சில வாரம் கழித்து ஃபோனில் பேசினார். அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. ஆனால் நாயகி மரகதமாக நடித்தவளின் குரல் வேறு. லேசான கரகரப்பு. அழும்போதும் வார்த்தையை விழுங்கமாட்டாள்.

"அவ ஒருத்தி இல்லீன்னா இந்த நாடகத்த நாய்கூடக் கேக்காது" என்பாள் அம்மா.*

(* கவனிப்பாரற்றுப் போன படங்களையும் நாடகங்களையும் பற்றி இங்கே ஒரு பக்கம் கட்டுரை இருந்தது. கிழித்துப் போட்டேன். சொல்ல வந்தது இவ்வளவுதான்: எழுதியவன் பாதியில் கைவிட்ட கதையை நடிக்க வந்தவள் தன் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பாள். என் கதைக்கும் அப்படி ஒருத்தி வேண்டியிருக்கிறது.)

3

விஜயகுமாரி கைமடி வேலை செய்தாள். டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி அடுக்குவதும்தான் அது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கழிவுத் துணியில் ஓவர்லாக் தையல் தைத்துப் பழகியிருந்தாள். டெய்லர் சுடலை ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய மெஷின் காலியாகக் கிடந்தது. விஜயகுமாரி காண்ட்ராக்டர் கிட்டுசாமியிடம் கேட்டாள்.

"அண்ணா, அந்த மெஷின்ல நான் உக்கார்றனுங்க."

"நீ உக்காந்துட்டா உனக்குக் கைமடி ஆரு அம்மிணி? நானா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

"இந்தக் கம்பெனில பொம்பளைங்களுக்கு மெஷின் குடுத்ததில்ல. வெள்ளிக்கிழம வேற ஆள் வருது. போய் வேலையப் பாரு."

விஜயகுமாரி பதில் சொல்லவில்லை. அவளுடைய மௌனத்துக்குள் ஒரு எரிமலை...
[எரிமலையெல்லாம் இல்லை. பண்டலைத் தூக்கிக்கொண்டு போனாள்.]

4

மறுநாள் மதியம் நாடகத்தில் மரகதத்தின் கொழுந்தன்மார் வந்திருந்தார்கள். புருஷன் விட்டுப்போன மளிகைக் கடையை அவள் நடத்தக் கூடாதாம். "சாவியை வெச்சுட்டுக் கிளம்பு. என்ன சொல்றே?"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"கரண்டு போயிருச்சாட்ட இருக்குது" என்றாள் அம்மா.

"ஃபேன் சுத்துது பாருங்க்கா" என்றாள் விஜயகுமாரி.

மேலே டிவியில் ஒரு நாற்காலி கரகரவென்று இழுபட்டது. இசை வந்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

"போச்சு. சாவிய வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா" என்றாள் அம்மா.

"இல்லீங்க்கா. கல்லாவுல உக்காந்துட்டாங்க. நாற்காலி சத்தம் கேக்குலயா?"

"எந்திரிச்சாலும் நாற்காலி சத்தம் போடும் புள்ள. அவ வாயத் தொறந்தாளா? நேத்து நீ தொறந்தியா?"

விஜயகுமாரி சோற்றை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். பிறகு யாரும் ஏறாத அந்தப் படிக்கட்டில் ஏறினாள். மற்றவர்களுக்கு அது நாடகம். அவளுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருந்தது.

ரங்காத்தாளின் காது மந்தத்துக்காக அவள் உரக்கப் பேசியது கீழே தெளிவாகக் கேட்டது.

"அக்கா, மரகதம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லுல கண்ணு. பாத்தா. அவ்வளவுதான்."

"எப்படிப் பாத்தாங்க?"

"அத வாயில சொல்ல முடியாது. இரு, செஞ்சு காட்டறேன்."

மீண்டும் சத்தமில்லை. மீண்டும் ஒரு நாற்காலி இழுபட்டது. மேலே ரங்காத்தாள் செய்து காட்டியது என்னவென்று விஜயகுமாரி யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. ஆகவே எனக்கும் தெரியாது.

5

அவள் இறங்கி வந்தாள். பெல் அடித்தது. சுடலையின் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

"என்ன அம்மிணி இது?" என்றார் கிட்டுசாமி.

அவள் அவரைப் பார்த்தாள். [எப்படி என்று நாலு முறை எழுதிப் பார்த்தேன். வரவில்லை.]

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்றில், கம்பெனியே எழுந்து கைதட்டுகிறது. பொய், எல்லோர் கையிலும் வேலை இருந்தது. இன்னொன்றில், கிட்டுசாமி அவளை எழுப்பிவிடுகிறார். அது நடந்திருக்கும்; வாயைத் திறந்தும்விட்டார். அதற்குள் என் அம்மா கத்தரியைப் பலகையில் வைத்தாள். எழுந்து போய் மெஷினுக்குப் பக்கத்தில் கைமடி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, முதல் துண்டை எடுத்து நீட்டினாள்.

"கைமடி ஆருன்னு நேத்துக் கேட்டீங்கல்லங்க" என்றாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை அந்தப் புது டெய்லர் வந்தார். அன்றைக்கு நடந்ததை எழுதமாட்டேன். நீங்களும் கீழ்ப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கும். யாரோ உட்காருகிறார்களா, யாரோ எழுந்திருக்கிறார்களா, நீங்களே சொல்லுங்கள்.

இதுவரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் குறுக்கே பேசினாள்.

"எந்திரிச்சுப் போறவ அப்படி இழுக்கமாட்டா."