இல்ல, ஓடிக்கிட்டுதான் இருக்கு

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில், இரண்டு தலையணைகளைச் சுவரோடு சாய்த்து, கண்டக்டரின் மனைவி. அவள் மூக்கிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய் காதுகளைச் சுற்றி, போர்வையின் மேல் ஓடி, கால்மாட்டில் நின்ற ஆக்சிஜன் மெஷினில் போய் முடிந்தது. ஜன்னல் திட்டில் அவளுடைய தம்பி. செல்போன் கடை வைத்திருப்பவன். எதற்கெடுத்தாலும் 'அப்டேட் ஆகணும்' என்பான். அதனால் குடும்பத்தில் அவனுக்கு அப்டேட் என்றே பெயர். கதவருகில் ஒரு முக்காலியில், வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தோளிலிருந்து கைப்பையை இறக்காமல் மகள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நடுவில், துணி தேய்க்கும் மேஜையை எழுதும் மேஜையாக்கிக்கொண்டு, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர் முன்னால் கோடு போட்ட தாள் ஒன்று. பேனாவின் மூடியைக் கழற்றி வெகு நேரம் ஆகியும் தாளில் ஒரு சுழி கூட விழவில்லை.

அன்று சனிக்கிழமை. தபால் நிலையம் மதியத்தோடு மூடிவிடும், அதற்குள் கடிதம் எழுதிப் போட்டாக வேண்டும். திங்கட்கிழமை பிற்பகல் அந்தத் தெருவில் கரண்டு போகும். போனால் சாயங்காலம்தான் வரும். மெஷினுக்கு மாற்றாகக் கட்டிலுக்கடியில் ஒரு சிலிண்டர் உண்டு. அதன் முள் பாதிக்குக் கீழே நின்றது. அது சாயங்காலம் வரை தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மகள் தினமும் மருந்துக்கடையில் சிலிண்டர் எடுத்துக் கொடுப்பவள். அவளே 'சொல்ல முடியாதுப்பா' என்று சொன்னதிலிருந்து கண்டக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

கரண்டு போவது அந்த ஊருக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் லைன்மேன் வந்து கம்பத்தடியில் நின்று தெருவை அணைப்பார். இவர்கள் வீட்டுக்கு மட்டும் தனி இணைப்பு. 'மெஷின் வீடு' என்று பெயர் வைத்து விட்டுவிடுவார். இப்போது வீட்டுக்கு வீடு புது மீட்டர். அணைப்பதும் எரிய வைப்பதும் எங்கேயோ ஒரு கட்டிடத்திலிருந்து தானாக நடக்கும். நோயாளி இருக்கும் வீடுகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரே போன் போட்டுக் கேள்வி கேட்கும், பதில் சொன்னால் பட்டியலில் பெயர் தொடரும். ஏற்பாடு அவ்வளவுதான்.

முதல் முறையாக அந்தப் போன் வந்தபோது கண்டக்டர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குரல், இஸ்திரி போட்ட தமிழில் கேட்டது: "இந்த இணைப்பில் உயிர்காக்கும் கருவி தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளதா?"

மரியாதையான கேள்வி. கண்டக்டரும் மரியாதையாகவே பதில் சொன்னார். "இல்ல, ஓடிக்கிட்டுதாங்க இருக்கு. ராப்பகலா ஓடுது."

"நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது" என்றது குரல். பால் பொங்கவில்லை. நல்ல காரியம் முடிந்தது என்று அவர் அடுப்பை அணைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் பதிலின் அடிப்படையில் தங்கள் இணைப்பு விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது.' மகள் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். கண்டக்டர் கொதித்துப்போனார்.

"நான் என்ன பைத்தியமா? ஓடுதுன்னுதானே சொன்னேன்!"

"என்ன சொன்னீங்களோ அதை அப்படியே சொல்லுங்கப்பா. ஒரு வார்த்தை விடாம."

"இல்ல, ஓடிக்கிட்டுதாங்க…"

மகள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "முதல் வார்த்தை என்ன?"

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் அடங்க வெகு நேரமாயிற்று. "எங்கப்பா இவர்கிட்ட கேட்டாரு," என்றாள் மனைவி, மூச்சை எடுத்து எடுத்து. "என் பொண்ணைப் பிடிச்சிருக்கா தம்பின்னு. இவரு… 'இல்ல, பிடிச்சிருக்குங்க'ன்னாரு. எங்கப்பா எந்திரிச்சே போயிட்டாரு. எங்கம்மாதான் இழுத்து உட்கார வச்சது."

கண்டக்டருக்கு அது பிறவிக் குணம். வேலையிலும் அப்படித்தான். படிக்கட்டில் கால் வைத்தபடி 'இந்த வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுமா?' என்று யாராவது கேட்டால், 'இல்ல, போகும், ஏறுங்க' என்பார். அத்தனை வருஷ சர்வீஸில் அந்த 'இல்ல'வைக் கேட்டு ஒரு பிராணிகூடக் கீழே இறங்கியதில்லை. எல்லோரும் ஏறினார்கள், டிக்கெட் எடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் இறங்கினார்கள்.

தப்பு என்ன என்று தெரிந்துவிட்டதால் திருத்திவிடலாம் என்று நினைத்தார்கள். அப்டேட்தான் எண்ணைத் தேடிக் கொடுத்தான். "இந்த நம்பர்ல கூப்பிட்டு மாத்திக்கலாம் மாமா. சிம்பிள். ஆனா கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு, உங்க குரல்லதான் சொல்லணும்." மகள் ஒரு மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஆமாம்' என்று எழுதி அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "இதைத் தவிர வேற எதுவும் வாயில வரக் கூடாது."

மெஷினின் 'ர்ர்ர்' சத்தத்துக்கு நடுவில் அதே பெண் குரல் வந்தது. "உங்கள் முந்தைய பதில் குறித்துப் பேச விரும்புகிறீர்களா?"

"ஆமாம்," என்றார் கண்டக்டர். நெற்றியில் வியர்வை. மகள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"உங்கள் இணைப்பின் தற்போதைய நிலை தொடரட்டுமா?"

மகளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அட்டையைக் கீழே இறக்குவதா, பிடித்திருப்பதா என்று அவள் தடுமாறிய அந்த இமைப் பொழுதில், கண்டக்டர் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல நிமிர்ந்து, தெளிவாக, கணீரென்று சொன்னார்: "ஆமாம்."

"நன்றி. இந்த எண்ணிலிருந்து அடுத்த மாற்றத்தை ஒரு மாதத்துக்குப் பிறகு மேற்கொள்ளலாம்."

வாழ்நாளெல்லாம் தேவையில்லாமல் 'இல்ல' சொன்ன மனிதர், தேவைப்பட்ட ஒரே ஒரு இடத்தில் அதை விட்டுவிட்டார். அவர் போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார், அதன் முகத்தில் விழிக்க விரும்பாதவர்போல.

வெள்ளிக்கிழமை மகள் அரை நாள் லீவு போட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் நல்லவர்தான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா, எனக்குப் பாக்கத்தான் முடியும், மாத்த முடியாது. இணைப்புதாரர் கைப்பட எழுதி மேலிடத்துக்குப் பதிவுத் தபால்ல அனுப்பச் சொல்லுங்க. முத்திரை விழுந்த ரசீதைப் படம் எடுத்து இந்த நம்பருக்குப் போடுங்க. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் கட் பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அப்ப திங்கட்கிழமை கட் ஆகாதே?"

அந்த அம்மாள் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "விதி அப்படித்தான் இருக்கு. யாராவது அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

அந்த 'யாராவது' வெள்ளி இரவு முழுக்கக் கண்டக்டரோடு படுத்துப் புரண்டது.

இப்போது சனிக்கிழமை காலை. தாள் காலியாகவே இருந்தது.

"சீக்கிரம்பா," என்றாள் மகள். "பன்னெண்டுக்கெல்லாம் கவுன்ட்டரை மூடிருவான்."

"என்ன எழுதறது? அதைச் சொல்லு முதல்ல."

அப்டேட் திட்டிலிருந்து இறங்கினான். "நெட்வொர்க் சரியில்ல, குரல் விட்டு விட்டுக் கேட்டுச்சுன்னு எழுதுங்க மாமா. தினமும் நூறு பேர் அப்படித்தான் எழுதுவான். அவங்களுக்கும் ஒத்துக்கறது ஈஸி."

"உன் கம்ப்யூட்டர்தானே! தப்பே பண்ணாது, லஞ்சம் வாங்காது, எல்லாருக்கும் ஒரே கணக்குன்னு நீதானே குதிச்ச?" என்றாள் மகள்.

"இப்பவும் சொல்றேன். முன்னெல்லாம் எந்தத் தெருவுல பெரிய மனுசன் இருக்கானோ அங்க கரண்டு போகாது. இப்ப அவன் வீட்லயும் போகுது. அது நல்லதா கெட்டதா?"

"நல்லதுதான். ஆனா தப்பா போச்சுன்னா யார்கிட்டப் போய்க் கேக்கறது? லைன்மேன்னா அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். இதுக்கு வாசல் எங்க இருக்கு?"

"லைன்மேன்…" என்று ஆரம்பித்தாள் கட்டிலில் இருந்தவள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் பேச நினைத்தால் மற்றவர்கள் காத்திருக்கப் பழகியிருந்தார்கள். "லைன்மேன் ஒரு தடவை போதையில நம்ம வீட்டையும் சேத்து அணைச்சுட்டான். மறந்துட்டீங்களா? நான் நீலமாயிட்டேன். அவனை ரொம்பப் புகழாத."

மகள் குனிந்து சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள்.

கண்டக்டர் பேனாவைத் தாளில் வைத்தார்; எடுத்தார். அவருடைய பயம் வேறு. நெட்வொர்க் என்று எழுதினால் அது பொய். அவர்களிடம் ஒலிப்பதிவு இருக்கும். போட்டுப் பார்த்தால் கணீரென்று அவர் குரல்தான் வரும். பொய்யர் என்று கடிதத்தைத் தள்ளிவிடுவார்கள். உண்மையை எழுதினாலோ, 'நானே இல்லை என்றுதான் சொன்னேன்' என்று கைப்பட ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் லாரி. நடுவில் ஒரு கட்டிலும் அதில் ஒருத்தியும்.

"உண்மையையே எழுதிட்டா என்ன?" என்றார் மெதுவாக.

"இல்ல மாமா, உண்மையை எழுதினா மாட்டிக்குவோம்," என்றான் அப்டேட்.

"டேய்," என்றாள் அவன் அக்கா. "இப்ப என்ன சொன்ன?"

"உண்மையை எழுதினா மாட்டிக்குவோம்னு…"

"அதுக்கு முன்னால."

அப்டேட் யோசித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு அசடு பரவியது. மகள் முதலில் சிரித்தாள். கண்டக்டர் சிரிக்கவில்லை, மைத்துனனையே உற்றுப் பார்த்தார். தொலைந்த சில்லறைப் பை அடுத்த சீட்டுக்கடியில் கிடப்பதைக் கண்டவர்போல இருந்தது அவர் பார்வை.

"அதையே எழுதுங்க," என்றாள் மனைவி. "படிக்கிறவன் வீட்லயும்… நாலு பேர் அப்படித்தான் பேசுவான்."

அவர் எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபடி இடது மூலையில் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், நடுவில் பொருள். பிறகு இப்படி எழுதினார்:

'ஐயா, நான் இல்ல என்று சொன்னது உண்மை. இல்லை என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. பேச்சைத் தொடங்கும்போது தொண்டையைக் கனைப்பதுபோல அது எனக்கு வரும். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். போகுமா என்று கேட்டவர்களிடம் இல்ல போகும் என்றே சொல்லியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் ஏறினார்கள். இரண்டாவது தடவை பயத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் என் தப்பே. என் மனைவியின் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அதன் சத்தம் கேட்கிறது. முதல் சொல்லோடு நிறுத்திவிடாமல் என் பதிலை முழுவதும் கேட்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்.'

படித்துக் காட்டினார். அப்டேட் 'குரல் பகுப்பாய்வு' என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாம் என்றான். மகள் முறைத்ததும் விட்டுவிட்டான். கையெழுத்துப் போடும்போது அவசரத்தில் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வேறு தாளில் எழுத நேரமில்லை.

மகள் வேலைக்கு ஓடினாள். அப்டேட் தன் வண்டியில் மாமாவை ஏற்றிக்கொண்டான். வாசலைத் தாண்டும் வரை கண்டக்டர் காதைப் பின்னால் வைத்திருந்தார். தெருமுனை திரும்பியதும் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. தூரத்தால் நின்றதுதான். ஆனாலும் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை வீட்டுக்குள்ளேயே இப்படி நின்றால்?

தபால் நிலையத்தில் வரிசை. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். முறை வந்தபோது உறையை நீட்டினார். கவுன்ட்டர்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். "ஒட்டவே இல்லையே சார்."

மூலையில் ஒரு டப்பாவில் பசை இருந்தது. கண்டக்டர் விரலால் எடுத்து, மடிப்பு முழுக்கத் தடவி, ஓரத்திலிருந்து ஓரம் வரை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"உள்ள பணம், நகை ஏதாவது இருக்கா?" என்றார் கவுன்ட்டர்காரர், தராசில் வைத்துக்கொண்டே. எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கண்டக்டர் அதைப் பல்லால் பிடித்து நிறுத்தினார். கவுன்ட்டருக்கு மேலே ஒரு சின்னக் கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது கேட்கவும் செய்யுமோ என்னவோ.

"சார், இருக்கா இல்லையா?"

"வெறும் லெட்டர்தாங்க," என்றார்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே கவுன்ட்டர்காரர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். ரசீதைக் கிழித்து இந்தப் பக்கம் தள்ளினார். அப்டேட் அதைப் படம் எடுத்து அனுப்பினான். திரையில் ஒற்றை டிக் விழுந்தது. இருவரும் அதையே பார்த்து நின்றார்கள். போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் விழவில்லை.

உள்ளே ஒரு கை உறையை எடுத்துச் சாக்குப் பையில் போட்டது. பையின் வாய் சுருக்கிக் கட்டப்பட்டது. பின்வாசலில் தபால் வேன் உறுமத் தொடங்கியதும், அந்தச் சத்தத்தைக் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு, அது தெருவைத் தாண்டி மறையும் வரை கேட்டார்.